உட்கார இடமிருந்தும் நின்ற வருடம்

கண்டியில் ஒரு புடவைக்கடையில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். புடவைக்கடை என்றால் சேலை மட்டும் விற்கிற இடம் என்று நினைக்க வேண்டாம். சேர்ட், சாரம், பிள்ளைகளின் சட்டை, யன்னல் சீலை எல்லாம் விற்கிற துணிக்கடைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தால் பின்னேரம் ஆறரை வரை நிற்க வேண்டும். கடை முழுவதற்கும் ஒரே ஒரு கதிரை இருந்தது. அது காசாளருடையது. "உட்கார்ந்தா துணி விக்காது" என்பார் முதலாளி. அது உண்மையா என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்ல எங்களில் ஒருத்திக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஆகையால் எனக்கு ஒரு நாளில் உட்கார்கிற நேரம் என்று இருந்தது பஸ்ஸில்தான். வீடு கடுகண்ணாவையில். எங்கள் பஸ் புறப்படுகிற இடமே அதுதான், அதனால் காலையில் சீட் நிச்சயம். கண்டிக்கு ஒரு மணித்தியாலம். பேராதனையிலும் கெட்டம்பேயிலும் நெரிசல் பிடித்தால் இன்னும் இருபது நிமிஷம். அந்த நேரத்தை ஆறு வருடமாக ஒரே ஆளோடு பங்கு போட்டுக்கொண்டேன். அவர் கண்டியில் ஒரு டொக்டரின் கிளினிக்கில் வருகிறவர்களுக்கு நம்பர் கொடுக்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள், நானும் ராத்தா என்றே கூப்பிட்டேன். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை. யன்னல் பக்கம் ராத்தா, நடைவழிப் பக்கம் நான்.

ராத்தாவின் பேச்சுக்கு நான் அடிமை. நம்பர் கொடுக்கிற கதிரையில் இருந்துகொண்டு மனிதர்களைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு ஒரு படிப்பு வந்திருந்தது. "டொக்டர் வரும் வரைக்கும் எல்லாருக்கும் நோய் வருத்தம். டொக்டர் வந்தொன்ன எல்லாருக்கும் அவசரம்" என்பார். இன்னொரு நாள், "மூணாம் நம்பர்காரனப் பாருங்க, நாலாம் நம்பர்காரன ஏதோ பாவம் செஞ்சவன் மாதிரிப் பார்ப்பான்" என்றார். இப்படியான பேச்சுகளை நான் கடைக்குக் கொண்டுபோய் மற்றவர்களுக்குச் சொல்வேன். அன்றைய துணி விற்றதோ இல்லையோ, ராத்தாவின் பேச்சு நன்றாக விலை போகும்.

எங்கள் பஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்கள் முதலில் அதைப் பார்த்து வியந்து போவார்கள். நிற்கிறவரின் பையை இருக்கிறவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். கேட்கக்கூட வேண்டியதில்லை. கை நீளும், பை போகும். யார் எவர் என்று தெரியத் தேவையில்லை. சிங்களவர் பை தமிழர் மடியில், தமிழர் பை முஸ்லிம் மடியில். பிலிமத்தலாவை தாண்டும்போது என் மடியில் இரண்டு பள்ளிக்கூடப் பை, ஒரு சாப்பாட்டுப் பை, ஒரு குடை சேர்ந்திருக்கும். சில நாட்களில் ஒரு குழந்தையும் சேரும். கையை அசைக்க இடமிருக்காது, வாயை அசைக்கலாம். நாங்களும் அதைத்தான் செய்தோம்.

இப்படியே போயிருக்கும். என் முப்பத்து மூன்றாவது வயதில் கடையில் ஒரு பேச்சு வந்தது. என்னோடு பிள்ளைச்சட்டைப் பகுதியில் நின்றவள் கண்டி மஹய்யாவக்காரி, என்னைவிட எட்டு வயது சின்னவள், வாய் மட்டும் எங்கள் இருவருக்கும் சேர்த்து. அவள் போனை நீட்டினாள்.

"அக்கா, தேயிலத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் உதவியாளர் எடுக்கப் போறாங்களாம். உயர்தரத்துல மூணு பாடம் பாஸாகி இருந்தா போதுமாம்."

"எனக்கு ரெண்டுதானே."

"அப்ப ஒண்ண எடுங்க."

"அப்படி இல்ல. மூணும் ஒரே தடவையில பாஸாகணும். மறுபடி மூணையும் எழுதணும்."

"எழுதுங்க. இங்க நின்னுகிட்டு அளவு நாடாவோட என்னா கண்டீங்க."

உயர்தரம் நான் பத்தொன்பது வயதில், பள்ளிக்கூடம் முடிகிறபோது எழுதிய பரீட்சை. தமிழும் இந்து நாகரிகமும் வந்தது, புவியியல் விழுந்தது. அப்பா இறந்துபோன வருடம் அது. அதற்குப் பிறகு நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. இப்போது வேலைக்கு முப்பத்தைந்து வயதுதான் எல்லை. பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, விண்ணப்பம் போடுகிற கணக்கைப் பார்த்தால் எனக்கு ஒரே ஒரு தடவைதான் இருந்தது. அந்தத் தடவை தப்பினால் பிறகு பாஸ் பண்ணியும் பிரயோசனம் இல்லை. மிச்சக் காலமும் பிள்ளைச்சட்டைப் பகுதிதான். அதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் சிறு வயதிலிருந்தே நான் வீட்டுக் கதவில் கரிக்கட்டியால் எழுதி இல்லாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். அந்த ஆசை போகவில்லை என்பது மஹய்யாவக்காரி போனை நீட்டிய அன்றுதான் எனக்கே தெரிந்தது.

சரி, படிக்க நேரம் எங்கே? போனில் பார்த்தேன். நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று பேசுகிறவர்கள் நிறையப் பேர். அதில் ஒருவர் அழகாக உடுத்திக்கொண்டு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று, வெற்றி பெற்றவர்கள் எல்லாரும் காலை நான்கு மணிக்கு எழும்புகிறவர்கள் என்றார். நானும் ஒரு நேரசூசி எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினேன். நான்கு மணிக்கு எழும்பினேன். கடுகண்ணாவைக் குளிர் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அம்மா எழும்பி வந்து நெற்றியில் கை வைத்தார்.

"என்னா புள்ள, காச்சலா?"

"இல்லம்மா, படிக்கிறேன்."

"படிக்கிறவ கண்ண மூடிகிட்டா படிப்பா? போய்ப் படு."

மூன்று நாள் இப்படி. நான்காம் நாள் கடையில் ஒரு அம்மாவுக்கு இரண்டு மீட்டர் கேட்ட இடத்தில் மூன்று மீட்டர் வெட்டிக் கொடுத்தேன். மஹய்யாவக்காரி காதுக்குள் சொன்னாள்: "அக்கா, அந்த வீடியோக்காரன் நாலு மணிக்கு எழும்பினா டீ ஊத்திக் குடுக்க வீட்டுல ஆள் இருக்கும். நீங்க எழும்பினா நீங்கதான் ஊத்தணும், வீட்டுல உள்ளவங்களுக்கும் ஊத்தணும்." அது அப்படியே உண்மை. நான் எழும்பியதால் தம்பியும் எழும்பி டீ கேட்கத் தொடங்கியிருந்தான்.

வீட்டில் நேரமில்லை. தம்பி, தம்பி மனைவி, அவர்களின் இரண்டு பிள்ளைகள், டீவி. கடையிலும் இல்லை. மிச்சம் இருந்தது பஸ். போக ஒன்று, வர ஒன்று, நாளுக்கு இரண்டு மணித்தியாலம். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குப் பெரிய சந்தோஷம். மறுநாளே புவியியல் புத்தகத்தைத் திறந்தேன். பிலிமத்தலாவையில் புத்தகத்துக்கு மேல் ஒரு பள்ளிக்கூடப் பை வந்து இறங்கியது. அதற்கு மேல் இன்னொன்று. புத்தகம் எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு வாரம் பல வழி பார்த்தேன். தூங்குகிற மாதிரி நடித்தேன். பை தூங்குகிறவள் மடிக்கும் வரும், மெதுவாக வைப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். புத்தகத்தை உயர்த்திப் பிடித்தேன். அதற்குக் கீழே இடம் இருக்கிறதே என்று சாப்பாட்டுப் பையை நுழைத்தார் ஒருவர். வாங்க மாட்டேன் என்று சொல்லலாம்தான். ஆனால் அப்படிச் சொல்கிற ஆளை அந்த பஸ்ஸில் நான் ஒருநாளும் கண்டதில்லை. முதல் ஆளாக இருக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இருக்கிறவர்கள் சுமை சுமக்கிறார்கள். நிற்கிறவர்கள் கையை வீசிக்கொண்டு நிற்கிறார்கள்.

சேர்ட் பெட்டிக்குள் மடிப்புக் குலையாமல் இருக்க ஒரு மட்டை வைத்து வரும். கடையில் அது குவியும், பிறகு குப்பைக்குப் போகும். நான் அவற்றைக் கொண்டுவந்து உள்ளங்கை அளவுக்கு வெட்டினேன். ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் விடை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வாரத்துக்கான மட்டைகளை எழுதுவேன். திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறி, என் சீட்டில் உட்காராமல் பையை ராத்தாவிடம் கொடுத்தேன். வலது கையால் மேலே கம்பியைப் பிடித்தேன். இடது கையில் மட்டைகள், பெருவிரலால் தள்ளித் தள்ளி வாசித்தேன்.

ராத்தா என் முகத்தைப் பார்த்தார். என் வெற்றுச் சீட்டைப் பார்த்தார்.

"நான் ஏதும் பிழையா செல்லிட்டேனா?"

"ஐயோ இல்ல ராத்தா. படிக்கிறேன்."

"நின்டுக்கிட்டா?"

"உட்கார்ந்தா பை வருது."

அவர் என் பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டார். "அப்ப ஒங்கட பைய நான் வெச்சிக்கிற, ஒங்கட சீட்ட யாரோ ஒருத்தர் வெச்சிக்கிற, நீங்க அட்டைய வெச்சிக்கிற" என்றார். பிறகு யன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

நாள் முழுவதும் நிற்கிறவளுக்கு இருந்த ஒரே இருக்கை அது. முதல் மாதம் இரண்டு கெண்டைக்காலும் கல்லாகிவிட்டது. அம்மா எண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டு, "படிப்பு தலைக்குப் போகுதுன்னு பார்த்தா காலுக்குப் போகுது" என்றார். கொண்டக்டர் ஒரு சிங்களப் பையன். இடம் இருக்கும்போது நிற்கிற என்னைப் பார்த்து, சீட்டில் ஆணி ஏதும் இருக்கிறதா என்று குனிந்து தடவிப் பார்த்தான். விஷயம் தெரிந்த பிறகு, ஏறுகிறவர்களை முன்னுக்குப் போங்க முன்னுக்குப் போங்க என்று விரட்டும்போது என்னை மட்டும் தள்ளமாட்டான். "அந்த அக்காவை இடிக்காதீங்க, பாடம் கொட்டிடும்" என்பான் சிங்களத்தில்.

பாடங்களுக்கு வழியையே பிரித்துக் கொடுத்தேன். கடுகண்ணாவையிலிருந்து பிலிமத்தலாவை வரை இந்து நாகரிகம். அங்கிருந்து பேராதனை வரை தமிழ். பேராதனையிலிருந்து கண்டி வரை புவியியல். சமமாகப் பிரித்ததாகத்தான் நினைத்தேன். ஆனால் நெரிசல் எல்லாம் பேராதனைக்குப் பிறகுதானே. பஸ் நகராமல் நிற்கும், நான் புவியியல் படித்துக்கொண்டே இருப்பேன். மற்றவர்கள் எல்லாரும் சபித்த கெட்டம்பே நெரிசல் என்னுடைய பலவீனமான பாடத்துக்கு ட்யூஷன் வாத்தியாராக இருந்தது. அது ஓர் அதிசயம்தான். ஒரு நாள் வழி சீக்கிரம் விட்டுவிட்டால் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

அப்படி ஒரு வருடம். மழைக்கோடு படங்களும், மண் வகைகளும், நதிகளும். என் காதுக்குப் பக்கத்தில் பஸ் வழக்கம்போலப் பேசிக்கொண்டு போனது. ராத்தாவின் பக்கத்தில், என் சீட்டில், பிலிமத்தலாவையில் ஏறுகிற, தபால் கந்தோரில் வேலை செய்கிற ஒரு அம்மா வழக்கமாக உட்காரத் தொடங்கினார். ராத்தாவின் தங்கைக்கு அக்குறணையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருப்பது என் காதில் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த அன்று என்ன பலகாரம் வைத்தது என்று ராத்தா சொல்லத் தொடங்கினார். தபால் கந்தோர் அம்மா சிரித்தார். என்ன சொன்னார் என்று திரும்பிக் கேட்க வாய் வந்தது. கையில் பருவக்காற்று இருந்தது. மட்டையைத் திருப்பினேன். இன்னொரு நாள் ராத்தா என் பக்கம் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, என் கையைப் பார்த்து, நிறுத்தியதும் நினைவிருக்கிறது. பிறகு கேட்போம் என்று நினைத்தேன்.

பரீட்சை வந்தது. முதல் நாள் புவியியல். மண்டபம் பேராதனை வீதியில், கண்டிக்கு வருவதற்கு முன்னால் இருக்கிற ஒரு பாடசாலை. எட்டரைக்குத் தொடக்கம். எங்கள் வழக்கமான பஸ்ஸில் போனால் நேரம் காணாது, அதனால் முந்திய பஸ்ஸில் போனேன். அதில் ஒரு முகமும் தெரியாது. ஆனால் என் கையும் காலும் ஒரு வருடம் பழகியவை. பையை யாரோ ஒரு நோனாவிடம், அதாவது ஒரு சிங்களப் பெண்ணிடம் கொடுத்தேன். சாம்பல் நிறச் சேலை, வேலைக்குப் போகிற தோற்றம். அதற்கு மேல் நான் அவரைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்தேன், மட்டையை எடுத்தேன். கெட்டம்பேயில் வழக்கம்போல நெரிசல். கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்தேன். பாடசாலை தெரிந்ததும் இறங்கினேன். பஸ் போய்விட்டது.

கேற்றில் காவலாளி அனுமதி அட்டையைக் கேட்டார். கையில் இருந்த மட்டைக் கட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானும் என் கையைப் பார்த்தேன்.

ஏன் அப்படி நடந்தது என்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரியும். ஒரு வருடம் முழுக்க நான் இறங்கியது கடைசித் தரிப்பிடத்தில், குட்ஷெட்டில். அங்கே எல்லாரும் எழும்புவார்கள், பைகள் தானாக உரியவர் கைக்கு வரும். நடுவழியில் இறங்குகிறவர்தான் தன் பையைக் கேட்டு வாங்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கமே இல்லை. அனுமதி அட்டை, அடையாள அட்டை, பேனைகள், போன், பேர்ஸ் எல்லாம் யாரோ ஒருவரின் மடியில் கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. மணி ஏழு முப்பத்தைந்து.

வீதியில் நின்ற திரீவீல் ஆட்டோவிடம் ஓடினேன். கையில் ஒன்றும் இல்லை, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பரீட்சை என்று உளறினேன். டிரைவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழர். "ஏறுங்க தங்கச்சி, அழுகைய உள்ள உட்கார்ந்து அழுவோம்" என்றார். நெரிசல் என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு பஸ்ஸின் பின்பக்கமும் ஒரு மலை மாதிரி நின்றது. நான் மட்டைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒன்றையும் வாசிக்காமல் இருந்தேன்.

குட்ஷெட்டில் பஸ் வெறுமையாக நின்றது. கொண்டக்டர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பையா? ஒரு நோனா அதை எடுத்துக்கிட்டு ஓடினாங்களே" என்றார் சிங்களத்தில்.

"எங்க ஓடினாங்க?"

"நீங்க வந்த வழிக்குத்தான். பையத் தெறந்து ஒரு கடதாசிய வாசிச்சாங்க. ஐயோ பரீட்சைப் புள்ளன்னு திரீவீல் ஒண்ணப் பிடிச்சு ஏறிப் போயிட்டாங்க."

மறுபடி ஏறினேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீங்க அவங்களத் தேடி இங்க வந்தீங்க. அவங்க உங்களத் தேடி அங்க போனாங்க. நடுவுல எங்கயோ ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்து, என்னா நெரிசல்னு சலிச்சிருப்பீங்க. சும்மா நின்ன இடத்துல நின்னிருந்தா இந்நேரம் உள்ள போய் உட்கார்ந்திருக்கலாம்."

அவர் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

எட்டு இருபதுக்குக் கேற்றுக்கு வந்தோம். சாம்பல் சேலை நோனா பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். காவலாளி என்னிடம் முறையிட்டார்: "நான் வாங்கி வைக்கிறேன், நீங்க வேலைக்குப் போங்கன்னு எத்தனை தரம் சொல்றது. கொடுக்கவே மாட்டேங்கிறாங்க." நோனா அதைக் காதில் வாங்கவில்லை. நான் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து, படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வியர்த்து, அழுது, தலை கலைந்து நின்ற என்னில் அந்தப் படத்துப் பெண்ணைத் தேடியிருப்பார்.

"படத்துல கொஞ்சம் சதைப்பிடிப்பு" என்றார் சிங்களத்தில். பிறகு பையை என் தோளில் தானே மாட்டிவிட்டு, தங்கச்சி முறையில் நங்கி என்று கூப்பிட்டார். "தண்ணி ஒரு வாய் குடிச்சிட்டுப் போ நங்கி. எழுதத் தொடங்க முன்னாடி மூச்சு விடு."

நான் ஓடினேன். நன்றி சொன்னேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருக்க மாட்டேன். அவருக்கு எங்கே வேலை, அன்றைக்கு எத்தனை மணிக்குப் போய்ச்சேர்ந்தார், யாரிடம் பேச்சு வாங்கினார், ஒன்றும் தெரியாது. அந்த முந்திய பஸ்ஸில் பிறகு ஐந்தாறு தடவை வேண்டுமென்றே ஏறிப் பார்த்தேன். காணவில்லை. அந்த வருடம் முழுக்க ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கணக்கு வைத்திருந்தவள் நான். அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்த நேரசூசியில் இன்னொருவருக்கென்று ஐந்து நிமிஷம்கூட நான் எழுதியிருக்கவில்லை.

வினாத்தாளைத் திறந்தேன். முதல் கேள்வியை வாசித்தேன். விடை வரவில்லை. கண்ணை மூடினேன், கெட்டம்பே பாலத்தடி வந்தது, அங்கே நின்ற லொறி வந்தது, லொறிக்குப் பின்னால் விடை வந்தது. பிறகு எல்லாக் கேள்விக்கும் அப்படித்தான். சந்தியும், வளைவும், விளம்பரப் பலகையுமாக மூன்று மணித்தியாலம் எழுதினேன்.

மூன்றும் பாஸ். புவியியலுக்குத்தான் மற்ற இரண்டையும்விட நல்ல பெறுபேறு. நியமனம் கிடைத்து, தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். கண்டிக்கு எதிர்ப்பக்கம். காலையில் ஆசிரியர்களை ஏற்றுகிற வேன் வீட்டு வாசலுக்கே வரும், எல்லாருக்கும் சீட் உண்டு, எல்லாரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு போவோம். பிள்ளைகள் சில நேரம், டீச்சர் நீங்க எப்படிப் படிச்சீங்க என்று கேட்பார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன் என்றால் வாய் பிளந்து கேட்பார்கள். பஸ்ஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கே நிறுத்த வராது. மணி அடித்துவிடும்.

ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. பரீட்சை எல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் திங்கட்கிழமை. பஸ்ஸில் ஏறி, ஒரு வருடத்துக்குப் பிறகு என் பழைய சீட்டில், ராத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் இரண்டும் கும்பிட்டது. பை காணாமல் போன கதையைச் சொன்னேன். ராத்தா நெஞ்சில் கை வைத்துக் கேட்டார். "எங்கட பஸ்ல வந்திருந்தா ஒங்கள எறங்க விட்டிருப்பேனா" என்றார்.  எனக்குக் கை வெறுமையாக இருந்தது.

"ராத்தா, தங்கச்சிக்கு அக்குறணைச் சம்பந்தம் வந்திச்சே. என்னாச்சு?"

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. பாவம் பார்க்கிற பார்வை.

"அது முடிஞ்சி நாலு மாசம். கலியாணம் முடிஞ்சி, இப்ப அவள் முழுகாம ஈக்கிறா."

 ஆறு வருடம் மடியோடு மடி இடிக்க உட்கார்ந்தவள் நான். அவர் வீட்டுப் பூனை குட்டி போட்டது வரைக்கும் எனக்குத் தெரியும்.

"எனக்குச் சொல்லல்லையே."

"நான் கூப்பிடத்தான் நெனச்ச. கார்ட்டும் ஒங்கட பேரு எழுதி பேக்குக்குள்ள வெச்சிட்டுத்தான் திரிஞ்ச. ஒரு கெழம முழுக்கக் கொண்டு வந்த. ஒங்களப் பார்த்தா எந்த நேரமும் அந்த அட்டை. இந்தப் புள்ளக்கி ஒரே ஒரு தடவதானே, கலியாணம் காட்சி என்டு செல்லி மனசக் கலைக்கக் கூடாது என்டு பட்டிச்சி. படிச்சி முடியட்டும் என்டு விட்ட."

அவர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. எனக்கு ஓர் உதவி செய்த மாதிரித்தான் சொன்னார். உதவிதான் அது.

"சரி, இப்ப சொல்லுங்க" என்றேன். "முதல்ல இருந்து சொல்லுங்க. அவங்க பார்க்க வந்தாங்களே, பலகாரம் வச்சீங்களே, தபால் கந்தோர் அம்மா சிரிச்சாங்களே, அங்க இருந்து."

ராத்தா சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு தொடங்கினார். வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்தது. மாப்பிள்ளைக்குக் கடை இருக்கிறது, நல்ல பிள்ளை. மண்டபம் எடுத்தோம், சாப்பாடு நன்றாக இருந்தது, மழை பெய்தது. பலகாரத்தில் என்ன சிரிப்பு என்று கேட்டேன். யோசித்தார். "என்னமோ ஒண்டு. அந்த நேரம் சிரிப்பா ஈந்திச்சி" என்றார்.

யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பஸ் இன்னும் பிலிமத்தலாவைக்கு வந்திருக்கவில்லை. ஒரு வருடம் ஓடிய கதை அதற்குள் முடிந்துவிட்டது.